விறகு அறுக்க விலை குறைந்த செயின்சா போதுமா?

விவசாயக் கருவிகள் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் "58 சி.சி., 22 அங்குலம்" என்று அச்சிட்ட பெட்டிகளில் வரும் சீனத் தயாரிப்பு மரம் அறுக்கும் மிஷின் இன்றைக்கு ஏறக்குறைய 5,000 முதல் 8,000 ரூபாய்க்குள் கிடைத்துவிடுகிறது. ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற நிறுவனங்களின் மிஷினுக்கு இதைப்போல் மூன்று நான்கு மடங்கு கொடுக்க வேண்டியிருப்பதால், புயலில் சாய்ந்த வேம்பையும் வரப்போரத்துச் சீமைக் கருவேலத்தையும் அடுப்புக்கு அறுத்துக்கொள்ள நினைப்பவர் மலிவு மிஷினை எடுத்துப் பார்ப்பதில் வியப்பில்லை. ஆண்டுக்கு ஐந்தாறு டன் விறகுக்கு மேல் தேவைப்படாதவர், அரம் பிடித்துப் பல் தீட்டப் பழகவும், மேற்கொண்டு 2,000 ரூபாய் செலவழிக்கவும் தயார் என்றால் தாராளமாக வாங்கலாம் என்பது என் கருத்து. கூலிக்குத் தினமும் மரம் அறுப்பவரும், கரி மூட்டத்துக்கு வெட்டுபவரும் இந்தப் பக்கம் வர வேண்டாம்; நாள் முழுக்கப் பிடித்தால் இதன் அதிர்வு விரல்களை மரத்துப்போகச் செய்யும், பழுதால் போகும் வேலைநாட்களின் கூலியே ஓரிரு ஆண்டில் விலை வித்தியாசத்தைத் தின்றுவிடும்.

பெட்டியின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும், இந்த 52, 58 சி.சி. மிஷின்கள் பெரும்பாலும் ஒரே பழைய ஜப்பானிய வடிவமைப்பைப் பார்த்துச் செய்யப்பட்டவை. அதில் ஒரு நன்மையும் உண்டு: கார்புரேட்டர், ஸ்டார்ட்டர், கிளட்ச், பிஸ்டன் என எல்லா உதிரிபாகமும் ஒன்றுக்கொன்று பொருந்தும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பெட்டியில் உள்ள எண்ணை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். விவரத்தாளில் சிலிண்டரின் விட்டம் 45 மி.மீ., பிஸ்டன் வீச்சு 34 மி.மீ. என்று போட்டிருந்தால் கணக்குப்படி வருவது 54 சி.சி.தான். விறகுக்கு அது தாராளமாகப் போதும். செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடான பார் 22 அங்குலம் இருப்பதுதான் அதற்கு அதிகம். ஓர் அடிக்குள் பருமன் உள்ள கட்டைகளுக்கு 18 அங்குல பாரே போதுமானது, எஞ்சினும் திணறாது, தீட்ட வேண்டிய பற்களும் குறையும். ஆகவே கடையில் பாரையும் செயினையும் 18 அங்குலத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கடையிலேயே பெட்டியைப் பிரித்துப் பார்த்து வாங்குவது இணையத்தில் வாங்குவதைவிட நல்லது. ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் அழுத்தம் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்; வழுவழுவென்று வந்துவிட்டால் அந்த மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். முன் கைப்பிடிக்கு முன்னால் உள்ள தகட்டை முன்னோக்கித் தள்ளினால் செயின் பிரேக் பிடித்து, கையால் இழுத்தாலும் செயின் அசையாமல் நிற்க வேண்டும். பாரைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கோணல் இருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் செய்யும் முதல் வேலை ஸ்டார்ட் செய்வது அல்ல, எல்லாத் திருகுகளையும் முறுக்கிப் பார்ப்பது. என் முதல் மிஷினில் மூன்றாம் நாளே சைலன்சரின் ஒரு போல்ட் கழன்று கருவேல முட்களுக்குள் எங்கோ விழுந்தது. அதைக் கவனிக்காமல் ஓட்டியதில் மற்றொன்றும் தளர்ந்து, கேஸ்கெட் எரிந்து போனது. விற்ற கடைக்காரர், "அண்ணே, இதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அதன்பின் ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு முறுக்கிவிடுகிறேன். சைலன்சர் போல்ட்டுக்கு மட்டும் அந்தப் பசை சூட்டில் நிற்காது. அதற்கு ஸ்பிரிங் வாஷர் போட்டு, மிஷின் ஆறிய பிறகு மறுபடியும் முறுக்க வேண்டும்.

எரிபொருளில்தான் பாதி மிஷின்கள் சாகின்றன. இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் பெட்ரோலிலேயே 2டி ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். முதல் நான்கைந்து டேங்குக்கு லிட்டருக்கு 40 மி.லி., பிறகு கையேட்டில் சொன்ன அளவு. கையேடு தெளிவாக இல்லையென்றால் 30 மி.லி.க்குக் கீழே நான் இறங்குவதில்லை. கண் அளவில் ஊற்றாமல் மருந்துக் கடை ஊசிக் குழலால் அளந்து ஊற்றுங்கள். இப்போது பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது காற்றின் ஈரத்தை இழுக்கும், மலிவான ரப்பர் குழாயை ஊறவைத்துப் பிசுபிசுக்க வைக்கும். ஆகையால் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலப்பது உத்தமம். கலந்து ஒரு மாதமான பெட்ரோலை மிஷினில் ஊற்ற வேண்டாம்.

இந்த மிஷின்கள் பலவற்றில் கார்புரேட்டர், பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகும்படி அமைந்து வருவதுண்டு. மரத்தில் வைக்காமல் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் சத்தம் சற்றுக் கரகரக்க வேண்டும், மரத்தில் இறங்கியதும் அந்தக் கரகரப்பு தெளிய வேண்டும். அதற்கு மாறாக விசில் போலக் கூர்மையாகக் கத்தினால் பிஸ்டனுக்குப் போதிய ஆயில் போகவில்லை என்று பொருள். கார்புரேட்டர் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள். ஆக்சிலேட்டரை விட்ட பின்னும் செயின் சுற்றிக்கொண்டே இருந்தால் ஐடிலிங் திருகைக் குறைக்க வேண்டும்.

செயினுக்கான ஆயில் தனி டேங்கில் இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் வடித்த கழிவு ஆயிலை அதில் ஊற்றும் பழக்கம் ஊருக்கு ஊர் உண்டு. அதில் உள்ள இரும்புப் பொடி பாரையும் ஆயில் பம்பையும் அரைத்துவிடும். புதிய 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலே போதும். வேலை தொடங்கும் முன் பாரின் நுனியை ஒரு காய்ந்த அட்டைக்கு மேலே அரை அடி உயரத்தில் பிடித்து ஆக்சிலேட்டர் கொடுங்கள். சில விநாடிகளில் அட்டையில் ஆயில் கோடு விழாவிட்டால், பாரைக் கழற்றி ஆயில் துளையில் அடைத்திருக்கும் தூளைக் கம்பியால் குத்தி எடுங்கள்.

மிஷினோடு வரும் செயினின் இரும்பு மெத்தென்று இருக்கும். காய்ந்த கருவேலத்திலோ புளியிலோ பாதி டேங்க் ஓடுவதற்குள் மழுங்கிவிடும். மேற்கொண்டு ஒதுக்கச் சொன்ன 2,000 ரூபாயில் முதல் செலவு இங்கேதான்: ஒரு நல்ல செயினும் இரண்டு வட்ட அரமும். பாரின் அடியில் பொறித்திருக்கும் இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு, பாரின் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும் கண்ணிகளை மட்டும் எண்ணிக்கொண்டு கடைக்குப் போங்கள். இந்த வகையில் பொதுவாக இருப்பது .325 (கண்ணிகளின் இடைவெளி அளவு), .058 (பார் பள்ளத்தின் அகலம்), இரண்டும் அங்குலத்தில்; கண்ணி 18 அங்குல பாருக்கு 72, 22 அங்குலத்துக்கு 86. இந்தச் செயினுக்கு 4.8 மி.மீ. அரம் பொருந்தும்.

பல் தீட்டுவது பத்து நிமிட வேலை. பாரை வைஸில் இறுக்கி, ஒரு பல்லின் மேல் மையினால் அடையாளம் வைத்து, அந்தப் பல்லில் இருந்து தொடங்க வேண்டும். பல்லின் தலையில் கீறியிருக்கும் சாய்கோட்டுக்கு இணையாக, ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டுமே அரத்தைத் தள்ள வேண்டும். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும். எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கை, மூன்று என்றால் மூன்று. ஒரு வரிசை முடிந்ததும் மறுபக்கம் நின்று அடுத்த வரிசை. ஒரு பக்கப் பற்கள் நீண்டும் மறுபக்கம் குறுகியும் போனால் மிஷின் நேராக இறங்காமல் கட்டைக்குள் வளைந்து போகும், மலிவு மிஷின் என்று அதைத் திட்டிப் பயனில்லை. தீட்டியது சரியா என்பதைக் கீழே விழும் தூள் சொல்லிவிடும்: அவல் போல் சீவலாக விழுந்தால் பல் கூர்மை, மாவாக விழுந்தால் மழுக்கம். நான் ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் பல்லுக்கு இரண்டு முறை அரத்தைத் தள்ளிவிடுகிறேன். மண் ஒட்டிய வேர்ப்பகுதியை அறுக்கும் முன் துடைப்பத்தால் தட்டிவிட்டால் கூர் நெடுநேரம் நிற்கும். தென்னை, பனை நார் செயினைச் சீக்கிரம் மழுக்கும் என்பதால் அவற்றைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறுக்கும்போது லுங்கி, துண்டு, தொங்கும் சட்டை கூடாது. கெட்டித் துணிப் பேன்ட், ஷூ, கண்ணாடி, காதடைப்பான் வேண்டும். மிஷினைத் தரையில் வைத்து, பின் கைப்பிடிக்குள் வலது காலை மிதித்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்தரத்தில் பிடித்து இழுப்பது கெட்டிக்காரத்தனம் அல்ல. பார் நுனியின் மேல்பாதி மரத்தில் இடித்தால் மிஷின் கண்மூடித் திறப்பதற்குள் முகத்தை நோக்கித் துள்ளும், ஆகவே நுனியால் குத்தி அறுக்கக் கூடாது. இரு முனையும் தாங்கிய கட்டையில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு மீதியைக் கீழிருந்து முடித்தால் பார் இறுகாது. ஒரு முனை தொங்கும் கட்டைக்கு முதலில் கீழே, பிறகு மேலே. மரம் உங்கள் நிலத்தில் நின்றாலும் சந்தனம், பனை ஆகியவற்றை வெட்டத் தமிழ்நாட்டில் அனுமதி வேண்டும். அவற்றில் கைவைக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து மாதக்கணக்கில் மிஷின் சும்மா இருக்கப் போகிறது என்றால், பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதும் தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் 2டி ஆயில் அரைக் கரண்டி விட்டு, கயிற்றை இரண்டு முறை மெதுவாக இழுத்து, பிளக்கை மாட்டி, ஏர் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுவதையும் அப்போதே செய்துவிட்டால் இரு விளிம்பும் ஒரே அளவில் தேயும்.