கப்பு தூக்குனவரு கோச் ஆகணும்னா என்ன பண்ணணும்

தமிழ்நாடு-கேரளா பார்டர்ல கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் லைட் போட்டு நைட் வாலிபால் மேட்ச் ஆடி கப்பு தூக்குன அண்ணனுங்க நெறைய பேரு, முட்டி வலிக்க ஆரம்பிச்சதும் பசங்களுக்கு கோச்சிங் குடுக்கலாமான்னு கேக்கறாங்க, தாராளமா வாங்க, ஆனா மொதல்ல பேப்பர் வேலைய முடிங்க. பாட்டியாலாவுல இருக்கற தேசிய விளையாட்டு நிறுவனத்துல (என்ஐஎஸ்) கோச்சிங் டிப்ளமோ இருக்கு, அவ்வளவு நாள் வேலைய விட்டுட்டு போக முடியாதுன்னா ஆறு வார சர்டிபிகேட் கோர்ஸாவது முடிச்சு வைங்க. பார்டர்ல இருக்கறவங்க கேரளா ஸ்போர்ட்ஸ் கவுன்சில், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் (எஸ்டிஏடி) ரெண்டு பக்கத்து அறிவிப்பையும் பாத்துட்டே இருக்கணும்.

அவசரப்படாதீங்க. இந்திய வாலிபால் டீம்ல ஆடுன ஜி.ஈ.ஸ்ரீதரன் சார் ஆடி அர்ஜுனா விருது வாங்குனது 1982, கோச்சா துரோணாச்சாரியா விருது வாங்குனது 2007.

கிரவுண்டுக்கு வந்தா நீங்க ஸ்மாஷ் அடிச்சுக் காட்டாதீங்க! பசங்க வாயப் பொளந்து பாப்பாங்க, அவ்ளோதான், ஒண்ணும் கத்துக்க மாட்டாங்க. மொத மாசம் மேட்சே வேண்டாம், பாஸ் மட்டும், அதாவது ரெண்டு கையையும் சேத்து முன்கையில பந்தை எடுத்துக் குடுக்கறது. பையன் பாஸ் எடுக்கறப்ப நீங்க பந்தைப் பாக்காம அவன் காலைப் பாருங்க, பந்து நெட்டைத் தாண்டறதுக்குள்ள கால் நகந்துருக்கணும், முக்காவாசிப் பசங்க நின்ன எடத்துலயே கையை மட்டும் நீட்டுவாங்க, அது கட்டைவிரல்ல பட்டு எங்கயோ போயிரும். மணிக்கட்டுக்கு கொஞ்சம் மேல படணும், முழங்கை மடங்கக் கூடாது. பிராக்டீஸ் முடிஞ்சு கையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்க, ரெண்டு கையிலயும் ஒரே எடத்துல செவந்திருந்தா சரி, ஒரு கை மட்டும் செவந்திருந்தா கையை சரியா சேக்கலைன்னு அர்த்தம்.

நெட் ஹைட்டு ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24, அதை அப்படியே சின்னப் பசங்களுக்கு கட்டுனா எம்பி எம்பி முதுகை வளைச்சு தோளைக் கெடுத்துக்குவாங்க, எறக்கிக் கட்டுங்க. சிமெண்ட் தரைன்னா ஜம்ப்பைக் கொறைங்க, உங்க முட்டி எப்படி போச்சுன்னு உங்களுக்கே தெரியும்ல.

இங்க பாதிப் பசங்க தமிழ்ல கத்துவாங்க, பாதி மலையாளத்துல, நடுவுல விழற பந்துக்கு ரெண்டு பேரும் நின்னுருவாங்க. என்ன சொல்லிக் கூப்பிடணும்னு மொத நாளே ஒண்ணா முடிவு பண்ணிருங்க.

அப்புறம் உங்க பழைய டீம் ஆளுங்க ஓரத்துல நின்னு "அடிடா, அடிடா"ன்னு கத்துவாங்க. அவங்களுக்கு பந்து பொறுக்கற வேலை குடுத்துருங்க.