டேட்டாபேஸ் இணைப்புப் பிழையா? முதலில் எண்ணைப் பாருங்கள்

லோக்கலில், அதாவது சொந்தக் கணினியிலேயே, பிஎச்பி மொழியும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும் வைத்து வேலை செய்யும்போது இணைப்புப் பிழை வந்தால், உடனே பாஸ்வேர்டை மாற்றுவது, எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுவது என்று இறங்கிவிடாதீர்கள். பிழைச் செய்தியில் ஓர் எண் இருக்கும். எங்கே தடைபட்டது என்பதைப் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

2002 வந்தால் சர்வரையே எட்டவில்லை என்று பொருள். பாஸ்வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. ஸாம்ப் (பிஎச்பி, மைஎஸ்கியூஎல் எல்லாம் சேர்ந்து வரும் தொகுப்பு) கன்ட்ரோல் பேனலில் மைஎஸ்கியூஎல் பச்சையாக இருக்கிறதா பாருங்கள். ஸ்டார்ட் கொடுத்ததும் நின்றுவிட்டால், 3306 போர்ட்டை (மைஎஸ்கியூஎல் இயல்பாகக் காத்திருக்கும் இணைப்பு வாசல்) வேறு யாராவது பிடித்திருக்கலாம். முன்பு தனியாக நிறுவிய மைஎஸ்கியூஎல், விண்டோஸ் சர்வீஸாகத் தானே ஓடிக்கொண்டிருப்பது அடிக்கடி நடப்பதுதான். பேனலில் உள்ள நெட்ஸ்டாட் பொத்தானை அழுத்தினால் ஆள் யாரென்று தெரியும். அந்த சர்வீஸை நிறுத்துங்கள். அது வேண்டுமென்றால், ஸாம்பின் மை.ஐஎன்ஐ கோப்பில் போர்ட்டை 3307 ஆக்குங்கள். அந்தக் கோப்பில் போர்ட் இரண்டு இடத்தில் வரும். இரண்டையும் மாற்ற வேண்டும். உங்கள் கோடிலும் பிஎச்பிமைஅட்மின் (டேட்டாபேஸை பிரவுசரில் பார்க்கும் கருவி) கன்ஃபிக்கிலும் அதே எண்ணைப் போடுங்கள்.

போர்ட் சரியாக இருந்தும் எழவில்லையா? டேட்டா ஃபோல்டரில் உள்ள எரர் லாக்கின் கடைசி வரிகளைப் படியுங்கள். அங்கே இருக்கும் ஐபிடேட்டா1 கோப்பை அழிக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது போனபின் சர்வர் எழுந்தாலும் இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லின் இயல்பான சேமிப்பு முறை) டேபிள்கள் திறக்காது.

லினக்ஸிலும் மேக்கிலும் 2002க்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹோஸ்ட் இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் இணைப்பு சாக்கெட் கோப்பு (ஒரே கணினிக்குள் புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் கோப்பு) வழியாகப் போகும், 127.0.0.1 என்று எழுதினால் போர்ட் வழியாகப் போகும். 'நோ சச் ஃபைல்' என்று வந்தால் சாக்கெட் கோப்பு கிடைக்கவில்லை. 127.0.0.1 போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஸாம்ப் போன்ற இன்னொரு தொகுப்பான மேம்ப் பயன்படுத்துவோருக்கு இயல்பான போர்ட் 8889.

1045 என்றால் சர்வர் பதில் சொல்லிவிட்டது, பெயரோ பாஸ்வேர்டோ பொருந்தவில்லை. ஸாம்பில் ரூட்டுக்கு (எல்லா உரிமையும் உள்ள யூசர்) இயல்பாக பாஸ்வேர்ட் காலி. மேம்பில் பாஸ்வேர்டும் 'ரூட்' என்பதேதான். செய்தியின் கடைசியில் 'யூஸிங் பாஸ்வேர்ட்: நோ' என்றிருந்தால் உங்கள் கோட் பாஸ்வேர்டையே அனுப்பவில்லை. லாரவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கில் இது பெரும்பாலும் பழைய கன்ஃபிக் கேஷின் (சேமித்து வைத்த அமைப்புகளின்) வேலை. அதன் கட்டளைக் கருவியான ஆர்ட்டிசனில் கன்ஃபிக் கிளியர் கொடுங்கள். 'யெஸ்' என்று வந்தும் இடித்தால், பாஸ்வேர்டில் ஹேஷ் குறி (#) இருக்கிறதா பாருங்கள். மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால் லாரவெல் அமைப்புகள் உள்ள என்வ் கோப்பில் அதற்குப் பின்னால் உள்ளது கமென்ட் ஆகிவிடும்.

உபுண்டுவில் 1698 வந்தால், சர்வர் ரூட்டை, பாஸ்வேர்டைப் பார்க்காமல், கணினியில் நுழைந்திருக்கும் பயனர் யாரென்று பார்த்தே உள்ளே விடுகிறது. ரூட்டை நோண்டாமல், அந்த டேட்டாபேஸுக்கு மட்டும் உரிமையுள்ள புது யூசர் ஒன்றை உருவாக்குவதே நல்லது.

1049 எளிது: அந்தப் பெயரில் டேட்டாபேஸ் இல்லை. விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறியவர்கள் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைக் கவனிக்கவும். 2054 வந்தால் மைஎஸ்கியூஎல் 8உடன் 7.4க்கு முந்தைய பிஎச்பி பேச முயல்கிறது, பிஎச்பியைப் புதுப்பியுங்கள்.

புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில், லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். ஹோஸ்ட்டாக, கன்டெய்னர்களை வரையறுக்கும் கம்போஸ் கோப்பிலுள்ள சர்வீஸ் பெயரைக் கொடுங்கள். வெளியே 3307க்குத் திருப்பியிருந்தாலும் கன்டெய்னர்களுக்கிடையே 3306தான். கம்போஸில் ரூட் பாஸ்வேர்டை மாற்றியும் பழையதையே கேட்டால் வியக்க வேண்டாம்: டேட்டா ஃபோல்டர் காலியாக இருக்கும் முதல் முறை மட்டுமே அந்த மதிப்பு எடுத்துக்கொள்ளப்படும். டேட்டா சேமிக்கப்படும் வால்யூமை அழித்தால் புதியது ஏறும், ஆனால் டேட்டாவும் சேர்ந்து போகும்; டம்ப் (டேட்டாபேஸின் நகல் கோப்பு) எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.