விசாகப்பட்டினம் கடற்படைத் தளத்தை வெளியில் நின்றே புரிந்துகொள்வது எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தளத்துக்குள் நம்மை விடமாட்டார்கள். 1968 மார்ச் 1 முதல் கிழக்குக் கடற்படைக் கமாண்டின் தலைமையகம் அது. ஆனாலும் ஒன்றரை நாள் கையில் இருந்தால், ஒரு பெரிய தளம் என்னதான் செய்கிறது என்பது மதிலைத் தாண்டாமலே ஓரளவு பிடிபட்டுவிடும். கப்பலை மட்டும் பார்க்காதீர்கள். கப்பல் கல்யாண மாப்பிள்ளை மாதிரி, தளம் என்பது மண்டபத்தின் பின்கட்டு. சமையல், தண்ணீர், கரண்ட், மருந்து, யாருக்கு எங்கே படுக்கை என்ற கவலை எல்லாம் அங்கேதான்.

போகும் முன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஐஎன்எஸ் (இந்தியக் கடற்படைக் கப்பல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று ஆரம்பித்தாலே கப்பல் என்று நினைத்துவிடுவோம், நானும் அப்படித்தான் நினைத்தேன். கரையில் இருக்கும் நிலையங்களுக்கும் அதே பட்டம் உண்டு. ஐஎன்எஸ் சர்க்கார்ஸ் கரைத் தளம், ஐஎன்எஸ் டேகா விமானத் தளம் (பயணிகள் விமானங்களும் பல வருடங்களாக அதே ஓடுபாதையில்தான் இறங்கி வந்தன), ஐஎன்எஸ் விர்பாகு நீர்மூழ்கிகளுக்கானது, கல்யாணி மருத்துவமனை. நம் அரக்கோணத்து ராஜாளி விமானத் தளமும் இதே கமாண்டின் கீழ்தான் வருகிறது.

சரி, முதல் நாள் காலையில் துறைமுக வாய்க்காலை ஒட்டிய குன்றுகளுக்குப் போங்கள். மாதா கோயில், தர்கா, வேங்கடேஸ்வரர் கோயில் என்று மூன்று குன்றுகள் அடுத்தடுத்து இருக்கும். எதில் ஏறினாலும் எதிரே டால்பின்ஸ் நோஸ் மலை தெரியும், 174 மீட்டர் உயரம். கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு காற்றையும் அலையையும் தடுத்து நிற்பது அந்த மலைதான். அதன் பின்னால், குறுகலான ஒரே வாய்க்கால் வழியே போனால் உள்துறைமுகம், 1933இல் திறந்தது. தளத்தின் பலமும் பலவீனமும் அந்த வாய்க்காலிலேயே இருக்கின்றன. உள்ளே பத்திரமாக நிற்கலாம், ஆனால் சரக்குக் கப்பலும் போர்க்கப்பலும் அதே வழியாகத்தான் வரிசையில் போக வேண்டும், நடுவில் ஒன்று சிக்கிக்கொண்டால் எல்லாருக்கும் அடைப்பு. யார் எப்போது கிளம்புகிறார்கள் என்பதைக் குன்றில் நிற்கும் நம்மைப் போன்றவர்களும் பார்க்கலாம் என்பது இன்னொரு சங்கடம். தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி ராம்பில்லிக்குப் பக்கத்தில் நீர்மூழ்கிகளுக்குத் தனித் தளம் கட்டுவது ஏன் என்று இங்கே நின்றாலே புரிந்துவிடும்.

வாய்க்காலில் ஒரு கப்பல் வந்தால் கூடவே வரும் இழுவைப் படகுகளைக் கவனியுங்கள். பெரிய கப்பல் இவ்வளவு நெருக்கத்தில் தானாகத் திரும்பாது, தள்ளியும் இழுத்தும்தான் துறையில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். கட்டி முடித்ததும் கரையிலிருந்து தடித்த மின்கேபிள் கப்பலுக்கு ஏறும், அப்புறம்தான் கப்பலின் ஜெனரேட்டர்களுக்கு ஓய்வு. தண்ணீர்க் குழாய், எண்ணெய், காய்கறி எல்லாம் அதற்குப் பின். வெடிமருந்து மட்டும் தனிக்கதை, மற்ற சாமான்களோடு கலக்காமல் தள்ளி வைத்துத் தனி விதிகளோடு ஏற்றுவார்கள். புயல் வருகிறது என்றால் நாம் படகைக் கரையேற்றுவோம், இவர்களோ ஓடக்கூடிய பெரிய கப்பல்களைக் கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். துறையில் கட்டிக்கிடந்தால் சுவரில் மோதி மோதியே நொறுங்கிவிடும் என்பதால்.

கப்பலின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எழுத்தைப் படிக்கப் பழகுங்கள். டி என்றால் டெஸ்ட்ராயர் என்ற பெரிய போர்க்கப்பல், எஃப் என்றால் பொதுவாக அதைவிடச் சற்றுச் சிறிய ஃபிரிகேட், எல் என்றால் படைகளைக் கரையிறக்கும் கப்பல். எல் 41 தெரிந்தால் அது ஜலாஷ்வா. கொரோனா சமயத்தில், 2020 ஜூனில் கொழும்பிலிருந்தும் மாலேயிலிருந்தும் நம் ஆட்களைத் தூத்துக்குடிக்கு ஏற்றிவந்த அதே கப்பல்.

மதியத்துக்கு மேல் ஆர்.கே. கடற்கரை. குர்சுரா நீர்மூழ்கி மணலிலேயே நிற்கிறது. 1969இல் சோவியத்தில் சேவைக்கு வந்து 2001இல் ஓய்வு பெற்றது, 2002 முதல் அருங்காட்சியகம். நீளம் 91 மீட்டர், ஆனால் உள்ளே ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போக வட்டத் துவாரத்தில் குனிந்து, காலை முதலில் விட்டு நுழைய வேண்டும். தலையை இடித்துக்கொள்ளாமல் வந்தவர் குறைவு. நீருக்கடியில் பாய்ந்துபோய் வெடிக்கும் டார்பிடோவுக்குப் பக்கத்திலேயே படுக்கை. சுமார் 75 பேர் இதற்குள் வாரக்கணக்கில் இருந்துவிட்டு வந்தால் கரையில் குளியலும் படுக்கையும் மருத்துவரும் ஏன் தயாராக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றிக்காட்டுபவர் ஓய்வுபெற்ற மாலுமியாக இருந்தால் விடாதீர்கள், பலகையில் எழுதியிருப்பதை விட அவரிடம் சரக்கு அதிகம்.

எதிர்ப்பக்கம் டியு-142 என்ற கடற்படைக் கண்காணிப்பு விமானம். அரக்கோணத்திலிருந்து பறந்து 2017இல் ஓய்வு பெற்றது. அதே கடற்கரையில் 1971 போரின் நினைவுச்சின்னமும் உண்டு. பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி இந்தத் துறைமுகத்துக்கு வெளியேதான் அந்த டிசம்பரில் மூழ்கியது. நம் ராஜ்புத் கப்பல் மூழ்கடித்தது என்பது இந்தியக் கணக்கு, தானாக வெடித்தது என்பது அவர்கள் கணக்கு.

கேமரா விஷயத்தில் விளையாட வேண்டாம். தளத்தின் வாசல், மதில், துறையில் நிற்கும் கப்பல் எதையும் எடுக்காதீர்கள், ட்ரோனைப் பையிலிருந்தே எடுக்காதீர்கள். 2019இல் உளவு வழக்கில் மாலுமிகளே கைதான பிறகு, அவர்களுக்கே தளத்துக்குள் ஸ்மார்ட்ஃபோன் கூடாது என்றாகிவிட்டது. நமக்கு யார் சலுகை தரப்போகிறார்கள்?

கடைசியாக ஒன்று, திங்கட்கிழமை குர்சுராவுக்கு விடுமுறை. நான் முதல்முறை சரியாக அன்றைக்குத்தான் போய், பூட்டைப் பார்த்துவிட்டு மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்பினேன்.