ஆறு வயதில் சத்தமில்லாமல் முளைக்கும் பல்: ராத்திரியில் பிள்ளைக்குப் பல் தேய்த்துவிடும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பில்) இருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன், மகள் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, அவள் பள்ளிக்கு நடமாடும் பல் மருத்துவக் குழு வந்தது. மடக்கு நாற்காலியைப் போட்டு வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். அன்று அவள் புத்தகப்பையில் ஒரு சீட்டு வந்தது. கீழ்வரிசைக் கடைவாய்ப்பல்லில் சொத்தை, கிளினிக்குக் கூட்டி வரவும்.

"பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிடும்" என்றார் அத்தை. நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துத்தான் போனோம். பல் மிஸ்ஸி (பல் தாதி) மகளின் வாயில் சின்னக் கண்ணாடியை வைத்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பல்லின் நடுப்பள்ளத்தில் பென்சிலால் குத்தியது போல ஒரு கறுப்புப் புள்ளி. "அம்மா, இது பால் பல் இல்லை. இது விழாது. இவங்க பாட்டியானாலும் இதேதான்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். பால் பற்கள் மொத்தம் 20. அவை ஆட ஆரம்பிப்பதற்குச் சற்று முன்போ, ஆடும் சமயத்திலோ, ஏறக்குறைய 6 வயதில், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால் ஈற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரிய பல் வருகிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு. இதற்காக எந்தப் பல்லும் ஆடுவதில்லை, விழுவதில்லை, ரத்தம் வருவதில்லை. அதனால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. புதுப்பல் என்பதால் அதன் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேலோடு, இன்னும் முழுதாக இறுகியிருக்காது. மேலே பள்ளமும் ஆழம். சோறு மெல்ல ஆயுசுக்கும் உழைக்க வேண்டிய பல், முளைத்த இரண்டே வருடத்தில் என் மகளுக்குச் சொத்தையாகிவிட்டது. நல்லவேளை, வேர்வரை போகவில்லை. அடைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மகனுக்கு நான் செய்துவருவதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். அவனுக்கு இப்போது ஆறரை வயது.

வேண்டிய சாமான்கள்

தலை சின்னதாக, மயிர் மெத்தென்று இருக்கும் பிரஷ். விலை முக்கியமில்லை. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் மலிவான பிரஷ்ஷே போதும், ஆனால் "சாஃப்ட்" என்று போட்டிருக்க வேண்டும். மயிர் விரிந்துவிட்டாலோ மூன்று மாதம் ஆகிவிட்டாலோ மாற்றிவிடுங்கள். கரி கலந்த பற்பசை, கரிப்பொடி இரண்டும் என் வீட்டுக்குள் வராது. கரி தேய்த்தால் பல் வெள்ளையாகத் தெரியலாம், ஆனால் எனாமல் தேய்ந்தால் திரும்ப வளராது. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பார் அத்தை. பல் விளக்குவதை நம் பெரியவர்கள் விடாமல் கடைப்பிடித்தார்கள், அதற்குத் தலை வணங்குகிறேன். ஆனால் அவர்கள் காலத்தில் மைலோ என்கிற இனிப்புப் பானமும் கெட்டிப்பாலும் இந்த அளவுக்குப் புழங்கவில்லை. குச்சி மட்டும் இப்போது போதாது.

பற்பசை வாங்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள், பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஃபுளோரைடு 1000 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 1000 பங்கு) குறையக் கூடாது. பெரியவர்களின் பற்பசையில் பெரும்பாலும் 1450 இருக்கும். ஸ்ட்ராபெரி வாசனையோடு வரும் சில குழந்தைப் பற்பசைகளில் 500தான் இருக்கிறது, சிலதில் ஃபுளோரைடே இல்லை. மகளுக்கு நான் நாலு வருடம் அப்படி ஒன்றைத்தான் ஆசையாக வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பின்பக்கத்தை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

அளவு: மூன்று வயதுக்குள் ஓர் அரிசி மணி. மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி. விளம்பரத்தில் வருவது போலப் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டாம்.

கடைசியாக வெளிச்சம். இதுதான் எனக்குப் பிடித்த சாமான். என் மாமனார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவர். விடியுமுன் நெற்றியில் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போன பேட்டரி விளக்கு இன்னும் வீட்டில் எரிகிறது. அதைத்தான் நான் கட்டிக்கொள்கிறேன். இரண்டு கையும் ஓய்வாக இருக்கும், வெளிச்சம் நேராகக் கடைவாய்க்குள் விழும். குளியலறை விளக்கில் கடைவாய்ப்பல் தெரியவே தெரியாது. கைப்பேசி விளக்கைப் பிடிக்க இன்னோர் ஆள் வேண்டும். தலைவிளக்கு இல்லாதவர்கள் ஹார்ட்வேர் கடையில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்படித் தேய்ப்பது

பேன் பார்க்கப் பிள்ளையை மடியில் சாய்த்துக்கொள்வோமே, அதே மாதிரி. நீங்கள் பாயில் உட்காருங்கள், பிள்ளையின் தலை உங்கள் மடியில், கால் எதிர்ப்பக்கம். எதிரே நின்றுகொண்டு தேய்த்தால் மேல்வரிசை தெரியாது.

முதலில் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். முன்பல் ஈற்றோடு சேரும் இடத்தில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் கோடு தெரிந்தால், அது சொத்தையின் ஆரம்பம். பழுப்பாகி ஓட்டை விழுவதற்கு முன் பிடித்துவிட்டால் ஃபுளோரைடாலேயே நிறுத்தலாம், கிளினிக்கில் காட்டுங்கள். புட்டியோடு தூங்கும் குழந்தைகளுக்கு இது முதலில் இந்த முன்பற்களில்தான் வரும்.

அப்புறம் முன்பல், பக்கப்பல் எல்லாம் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டு போங்கள். இதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை.

சூட்சுமம் அந்த ஆறு வயதுப் பல்லில் இருக்கிறது. மாதக்கணக்காக நான் தேய்த்துக்கொண்டே இருந்தும் அங்கே மட்டும் மஞ்சளாக ஒரு படலம் போகாமல் நின்றது. காரணம் பிறகுதான் புரிந்தது. அந்தப் பல் ஒரே நாளில் முழுதாக வெளியே வருவதில்லை, மெதுவாக ஏறுகிறது. அதுவரை பக்கத்துப் பால் பல்லைவிடத் தாழ்வாகவே இருக்கும். வழக்கம் போலப் பிரஷ்ஷை முன்னும் பின்னும் இழுத்தால், மயிர் உயரமான பல்லின் மேல் சவாரி போகுமே தவிரத் தாழ்வான பல்லைத் தொடாது. பலகைத் தரையில் ஒரு பலகை தாழ்ந்திருந்தால் துடைப்பம் அதைத் தாண்டிப் போகுமே, அப்படி.

செய்ய வேண்டியது இதுதான். பிள்ளையை "ஆ" என்று பெரிதாகத் திறக்கச் சொல்லாதீர்கள். வாயைப் பாதி மூடச் சொல்லுங்கள். பெரிதாகத் திறந்தால் கன்னம் இறுகிவிடும், பாதி மூடினால் தளர்ந்து இடம் கொடுக்கும். உங்கள் சுட்டுவிரலை உதட்டோரத்தில் நுழைத்துக் கன்னத்தை மெல்ல வெளியே இழுங்கள். பிரஷ்ஷை வாயோரத்திலிருந்து குறுக்காக, பல்வரிசைக்குச் செங்குத்தாக உள்ளே விடுங்கள். பிரஷ்ஷின் தலை அந்த ஒரு பல்லின் மேல் மட்டும் உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் கையில் தெரியும், ஒரு பள்ளத்தில் இறங்கியது போல. அங்கேயே பத்துப் பதினைந்து தடவை சின்னச் சின்னதாக ஆட்டுங்கள். நாலு மூலைக்கும் இதே மாதிரி. மகனுக்கு முதலில் கீழ் இடப்பக்கம்தான் வந்தது. ஒரு வாரம் "வலிக்குது" என்றான். ஈறு லேசாக வீங்கியிருந்தது. வருகிற பல்லுக்கு அது சகஜம், மெத்தென்று தேய்க்கலாம். காய்ச்சலோ கன்ன வீக்கமோ வந்தால் மட்டும் காத்திருக்காமல் கிளினிக்குப் போங்கள்.

மொத்தம் இரண்டு நிமிடம். எனக்குத் தலைவிளக்கோடு மூன்று ஆகிறது.

துப்பச் சொல்லுங்கள், கொப்பளிக்கச் சொல்லாதீர்கள். இது எங்கள் வீட்டில் பெரிய சண்டையாகிவிட்டது. குவளையில் தண்ணீர் மொண்டு மூன்று தடவை கொப்பளித்தால்தான் பல் விளக்கியது போல இருக்கும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் பற்பசையின் மருந்தே அந்த ஃபுளோரைடுதான். அது பல்லில் கொஞ்ச நேரம் தங்க வேண்டும். கொப்பளித்தால் காசு கொடுத்து வாங்கியது அப்படியே சிங்கில் போகிறது.

ஏன் ராத்திரி? சர்க்கரையைத் தின்னும் கிருமிகள் அமிலம் விடுகின்றன, அமிலம் பல்லிலிருந்து கால்சியத்தைக் கரைக்கிறது. பகலில் எச்சில் அதைக் கழுவி, கரைந்ததைத் திரும்பப் படியவைக்கும். அதற்கு அரைமணி நேரமாவது ஆகும். தூக்கத்தில் எச்சில் மிகக் குறைவு. படுக்கும் முன் மைலோ குடித்துவிட்டுத் தூங்கினால் அந்தச் சர்க்கரை விடியும்வரை அங்கேயே கிடக்கும். அதனால் பல் தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும். மகனுக்குப் புட்டியை ஒரேயடியாகப் பிடுங்கவில்லை. ஒவ்வொரு நாளும் பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினேன். பத்து நாளில் வெறும் தண்ணீராகிவிட்டது, அவனே தூக்கிப் போட்டுவிட்டான்.

ஏழெட்டு வயதுவரை நீங்கள்தான் தேய்த்துவிட வேண்டும். காலையில் அவர்களே தேய்க்கட்டும்.

பால் பல் விழுந்துவிடும், எதற்கு மெனக்கெடுவது என்று கேட்பவர்களுக்கு: பால் கடைவாய்ப்பற்கள் 10, 12 வயதுவரை இருக்க வேண்டியவை. அடியில் வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவை அவைதான். சொத்தையாகி முன்னாலேயே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும், பின்னால் வருவது கோணலாக வரும்.

பெரியவர்களுக்கு

என் கணவர் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. கெட்டிப்பால் தேத்தண்ணியைப் பெரிய புட்டியில் கொண்டுபோய் எட்டு மணி நேரமும் ஒவ்வொரு வாயாகக் குடிப்பார். அளவைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லைக் கெடுக்கிறது, ஒவ்வொரு வாய்க்கும் அந்த அரைமணிக் கணக்கு புதிதாகத் தொடங்கும். இப்போது சாப்பாட்டோடு ஒரு தேத்தண்ணி, மற்ற நேரம் வெறும் தண்ணீர்.

அவருக்குப் பல் தேய்த்தால் ரத்தம் வரும், அதனால் அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்ப்பார். செய்ய வேண்டியது நேர்மாறானது. பிரஷ்ஷை 45 பாகையில் சாய்த்து, மயிர் ஈற்றுக்கும் பல்லுக்கும் நடுவே படுகிற மாதிரி மெதுவாகத் தேய்த்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் குறைய வேண்டும். குறையாவிட்டால் பற்காரை (பல்லில் கல் போல இறுகிய அழுக்கு) கட்டியிருக்கலாம். அதை எந்தப் பிரஷ்ஷும் எடுக்காது, கிளினிக்கில் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடுகிறது, ஈறு கெட்டால் சர்க்கரை அடங்க மறுக்கிறது. நம் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இனிப்புநீர் என்று எண்ணிப் பாருங்கள், ஏன் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று புரியும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். மூன்று விஷயங்கள் விட்டுப்போயிருந்தன.

கடைவாயில் பிரஷ் பட்டாலே பிள்ளை குமட்டுகிறது என்றார் ஒரு தாய். சாப்பிட்ட உடனே தேய்க்காதீர்கள். கடைவாயிலிருந்தே தொடங்குங்கள், பசை இல்லாமல், வெறும் ஈரப் பிரஷ்ஷால். நுரை குமட்டலைக் கூட்டும். நுரை வருவதற்குள் கடினமான இடம் முடிந்துவிடும். பழகியதும் பசையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறதே, பசையிலும் வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். மலேசியாவில் பல மாநிலங்களில் குழாய்த் தண்ணீரில் சேர்க்கிறார்கள், அது பெரிய பாதுகாப்பு. ஆனால் ஆர்.ஓ. ஃபில்டர் அதைப் பெருமளவு எடுத்துவிடும். ஆற்றுத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் புழங்கும் தோட்டங்களில் அது கிடைப்பதே இல்லை. எப்படியிருந்தாலும் பசை வேண்டும்.

மூன்றாவது, சொத்தை வருமுன் அந்தப் பள்ளங்களையே அடைத்துவிட முடியாதா என்ற கேள்வி. முடியும். ஃபிஷர் சீலண்ட் என்று கேளுங்கள். ஊசி இல்லை, துளை போடுவதும் இல்லை. பல்லை உலர்த்தி மேலே ஒரு பூச்சு. பல் போதுமான அளவு வெளியே வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கு வரும் குழுவும் செய்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கக் கிளினிக்கில் கட்டணமும் இல்லை. அனுமதிப் பாரம் வந்தால் பையிலேயே கிடக்கவிடாமல் அன்றே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

மகனுக்குப் போன மாதம் கீழே இரண்டுக்கும் போட்டாகிவிட்டது. மேலே வலப்பக்கம் இன்னும் பாதி ஈற்றுக்குள் இருக்கிறது. மகளுக்கு 11 ஆகிறது. 12 வயதில் இன்னொரு கடைவாய்ப்பல், இன்னும் பின்னால், இதே மாதிரி சொல்லாமல் வரும். சனிக்கிழமை ராத்திரிகளில் அவளையும் மடியில் சாய்த்து விளக்கடித்துப் பார்க்கிறேன்.