கெப்பாசிட்டரை மைக்ரோஃபேரட் மட்டும் பார்த்து மதிப்பிடாதீர்கள்

பழுதுபார்ப்பு பழக வந்த மாணவர் ஒருவர், 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து மின்னழுத்தத்தை மாற்றித் தரும் பவர் சப்ளை) பலகையின் அவுட்புட் பக்கத்திலிருந்த 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தார்; 920 என்று காட்டியதும், "இது நன்றாகத்தான் இருக்கிறது சார்" என்று மீண்டும் அதையே பற்றவைத்துவிட்டார். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். கெப்பாசிட்டர் விஷயத்தில் இப்படி நடக்கும் தவறுகள் இவை.

கொள்ளளவை நம்பி இம்பிடன்ஸை (மாறுமின்னோட்டத்துக்கு எதிரான மொத்தத் தடையை) மறப்பது

மல்டிமீட்டர் கொள்ளளவை மிகக் குறைந்த அலைவெண்ணில் அளக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸோ 100 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அலைவெண்ணில் இயங்குகிறது. 1000 மைக்ரோஃபேரடின் மின்மறுப்பு (கொள்ளளவால் மட்டும் வரும் தடை) 100 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1.6 ஓம், 100 கிலோஹெர்ட்ஸில் 0.0016 ஓம். அவ்வளவு சிறிய எண் கணக்கிலேயே வராது என்பதால், அங்கே இம்பிடன்ஸ் என்று மிஞ்சுவது பெரும்பாலும் ஈஎஸ்ஆர் எனப்படும் உள்தடை மட்டுமே. புதிய லோ ஈஎஸ்ஆர் கெப்பாசிட்டரில் அது சில பத்து மில்லிஓம். உள்ளிருக்கும் திரவம் உலர்ந்துவிட்டால் 1 ஓமையும் தாண்டும். அதன் வழியே 1 ஆம்பியர் சிற்றலை மின்னோட்டம் (ஏறி இறங்கும் மின்னோட்டம்) ஓடினால், அவுட்புட்டில் 1 வோல்ட் சிற்றலை எழுவதோடு, 1 வாட் வெப்பம் அந்தச் சிறு உருளைக்குள்ளேயே பிறந்து, மிச்சமிருக்கும் திரவத்தையும் உலர்த்தும்.

நான் அந்தத் தவறைச் செய்த அன்று என் மேசையிலிருந்த பலகையில் பச்சை எல்இடி விட்டுவிட்டு மினுக்கிக்கொண்டிருந்தது. கன்ட்ரோல் ஐசியையும் ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரையும் இரண்டு முறை மாற்றினேன், மினுக்கல் நிற்கவில்லை. கடைசியில், மீட்டர் நல்லது என்று சொன்ன அதே கெப்பாசிட்டருக்கு இணையாக, பலகையின் அடிப்பக்கத்தில் புதிய லோ ஈஎஸ்ஆர் ஒன்றைப் பற்றவைத்ததும் எல்இடி நிலையாக எரிந்தது. வீணான உதிரிபாகங்களின் செலவு என் தலையில்தான் விழுந்தது. ஈஎஸ்ஆர் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள் என்று நான் ஒவ்வொருவரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

கெப்பாசிட்டர் மேல் 105 டிகிரி என்றிருந்தாலே லோ ஈஎஸ்ஆர் என்று எண்ணுவது

இல்லை, அது தாங்கும் வெப்பநிலை மட்டுமே. தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டில் 100 கிலோஹெர்ட்ஸ் இம்பிடன்ஸைப் பாருங்கள்.

கெப்பாசிட்டரின் கால்களை நீளமாக விடுவது

10 மில்லிமீட்டர் கம்பிக்குச் சுமார் 10 நானோஹென்றி தூண்டம் (இண்டக்டன்ஸ்) உண்டு. 100 மெகாஹெர்ட்ஸில் அதன் தடையே 6 ஓமுக்கு மேல் ஆகிவிடும். ஐசியின் இரைச்சலை அடக்க வைத்த 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் பிறகு இருந்தும் பயனில்லை.

ஈஎஸ்ஆர் எவ்வளவு குறைந்தாலும் நல்லது என்று நினைப்பது

எல்எம்1117 போன்ற ரெகுலேட்டர்கள் (மின்னழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ஐசிகள்) நிலையாக இயங்க அவுட்புட் கெப்பாசிட்டரில் ஓரளவு ஈஎஸ்ஆர் தேவை; அங்கே ஈஎஸ்ஆர் மிகக் குறைந்த செராமிக் கெப்பாசிட்டரை மட்டும் வைத்தால் அவுட்புட் ஊசலாடக்கூடும்.