பயிற்சித் தளத்தில் பம்ப் துப்பாக்கி சிக்கினால்: காரணம் கண்டறிந்து குறி சரிசெய்யும் முறை

அமெரிக்கக் காவல் துறைகளின் ரோந்து வண்டிகளில் 12 போர் (bore என்னும் குழல் அளவு) பம்ப் துப்பாக்கி, அதாவது முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளி ஏற்றும் ஷாட்கன், நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. 1950-இல் அறிமுகமான ரெமிங்டன் 870, 1960களின் தொடக்கத்தில் வந்த மாஸ்பெர்க் 500 ஆகிய இரண்டையும் அங்கே அதிகம் காணலாம். 1997 பிப்ரவரி 28 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் நார்த் ஹாலிவுட் பகுதியில், உடல் கவசம் அணிந்திருந்த இரண்டு வங்கிக் கொள்ளையர்களைக் கைத்துப்பாக்கிகளையும் ஷாட்கன்களையும் கொண்டு காவலர்களால் எளிதில் தடுக்க முடியவில்லை. அதன் பிறகு ரோந்து ரைஃபிள்கள் பரவின; ஷாட்கன் பயிற்சிக்கு ஒதுக்கப்படும் நேரம் பல இடங்களில் குறைந்தது. எப்போதாவது மட்டும் கையில் எடுக்கப்படும் துப்பாக்கி தகுதித் தேர்வில் சிக்கும்போது, பயிற்சியாளர் "நீ முழுதாக இழுக்கவில்லை" என்று சுட்டவரையும், சுட்டவர் "துப்பாக்கி பழையது" என்று கருவியையும் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. சோதித்துப் பார்க்காமல் சொல்லப்படும் இந்த இரண்டு தீர்ப்புகளுமே ஆபத்தானவை. உண்மையான பழுதுடைய துப்பாக்கி மறுநாள் மீண்டும் வண்டியில் ஏறிவிடுவதற்கு இவையே காரணமாகின்றன.

பணியில் இருக்கும்போது துப்பாக்கி வெடிக்காவிட்டால் உடனே முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவதே சரியான பழக்கம். அதை நன்றாகப் பயிற்றுவிக்க வேண்டும். ஆனால் காரணம் தேடும்போது அதே பழக்கம் தடயத்தை அழித்துவிடுகிறது. ஆகவே சோதனைச் சுற்றைத் தனியாக நடத்துங்கள். சிக்கியதும் சுட்டவர் குழலை இலக்கின் பக்கமே வைத்து, விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, எதையும் அசைக்காமல் நிற்க வேண்டும். விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டா தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதால், குறைந்தது 30 விநாடிகள் காத்திருந்த பின்னரே திறக்க வேண்டும். வழக்கத்தைவிட மெலிந்த சத்தம் கேட்டிருந்தால், துப்பாக்கியைக் காலி செய்து குழலுக்குள் அடைப்பு எதுவும் இல்லை என்று கண்ணால் பார்க்கும் வரை அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது.

திறந்ததும் என்ன தெரிகிறது என்பதுதான் முதல் சான்று. சுட்ட வெற்றுக்கூடு மீண்டும் அறைக்குள்ளேயே (சுடும்போது தோட்டா அமரும் குழலின் பின்பகுதி) இருந்தாலோ, அறை காலியாக இருந்து மேகசினில் (தோட்டாக்களைச் சேமிக்கும் குழாய்) தோட்டாக்கள் மிச்சமிருந்தாலோ, கை பின்னோக்கி முழுத் தூரம் வரவில்லை என்று முதலில் சந்தேகிக்கலாம். அறையில் சுடாத தோட்டா இருந்து அதன் பிரைமரில் (ஊசி மோதித் தீப்பற்றும் அடிப்பகுதி) மெல்லிய தடம் மட்டும் பதிந்திருந்தால், அறையை அடைக்கும் போல்ட் முழுதாக முன்னே சென்று பூட்டிக்கொள்ளவில்லை, அல்லது சுத்தியல் வில் தளர்ந்திருக்கிறது, அல்லது சுடும் ஊசியின் பாதையில் அழுக்கு உறைந்திருக்கிறது. தடமே இல்லையென்றால் ஊசியை ஆர்மரர் (துப்பாக்கிப் பழுதுநீக்குநர்) கழற்றிப் பார்க்க வேண்டும். வெற்றுக்கூடு அறையில் இறுகி முன்கைப்பிடி பின்னால் வரவே மறுத்தால் சிக்கல் பெரும்பாலும் தோட்டாவிலோ அறையின் சுவரிலோ இருக்கும்.

அடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே துப்பாக்கியையும் அதே தோட்டாவையும் அனுபவமுள்ள வேறொருவர் சுடட்டும். பிறகு அதே துப்பாக்கியில் பணித் தோட்டாவை (ரோந்தில் பயன்படுத்தும் வகை) போட்டுச் சுடட்டும். பிறகு சிக்கிய தோட்டா வகையை வேறு துப்பாக்கியில் போடுங்கள். இரண்டை ஒருசேர மாற்றினால் விடை கிடைக்காது. பழுது சுட்டவரோடு நகர்கிறதா, தோட்டாவோடு நகர்கிறதா, துப்பாக்கியோடு தங்கிவிடுகிறதா என்பதைத் தொடர் எண்ணோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும்.

முழுதாக இழுக்காத பழக்கத்திற்குப் பின்னால் பெரும்பாலும் சோம்பல் இருப்பதில்லை. அளவு பொருந்தாத தோள்கட்டைதான் இருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உயரம் குறைந்த காவலர்கள், குறிப்பாகப் பெண் காவலர்கள், தங்கள் தவறல்லாத ஒன்றிற்காக மதிப்பெண் இழக்கிறார்கள். வழக்கமான தோள்கட்டையின் நீளம் விசையிலிருந்து அடித்தட்டு வரை சுமார் 14 அங்குலம். கவச உடையின் தடிமன் அதோடு சேர்ந்துகொள்கிறது. கை நீண்டு நிற்கும் நிலையில் சுடுபவரால் முன்கைப்பிடியை வலுவாக இழுக்கவும் முடியாது, கன்னத்தைக் கட்டையில் சரியாகப் பதிக்கவும் முடியாது. 12 முதல் 13 அங்குலக் கட்டையைப் பொருத்தி மீண்டும் சுடச் செய்யுங்கள். பலருக்குச் சிக்கல் அந்த நிமிடமே மறையும். அதன் பிறகும் நீடித்தால், சுடுபவருக்குத் தெரியாமல் வெடிக்காத போலிப் பயிற்சித் தோட்டாக்களை உண்மைத் தோட்டாக்களோடு கலந்து ஏற்றிப் பாருங்கள். வெடிக்கும் முன்பே தோள் பதறுவதும் கை பாதியில் நிற்பதும் அப்போது வெளிப்படும்.

பயிற்சிக்கு வாங்கும் விலை குறைந்த பறவை ரவைத் தோட்டாக்களில் அடிப்பகுதி பித்தளைக்குப் பதிலாக எஃகால் ஆனதாக இருப்பதுண்டு. சுட்டதும் விரியும் எஃகு பித்தளையைப் போல நன்றாகச் சுருங்கித் திரும்புவதில்லை. அறையின் சுவர் சொரசொரப்பாக இருந்து, தொடர்ந்து சுட்டு குழலும் சூடேறியிருந்தால், கூடு ஒட்டிக்கொள்கிறது. குறைந்த விலைக்கு விற்கப்பட்ட 870 எக்ஸ்பிரஸ் வகையில் இந்தக் குறை பரவலாகப் பேசப்பட்டது. அறைக்கென்றே உள்ள தூரிகையால் பிளாஸ்டிக் படிவை நீக்குவது எவரும் செய்யக்கூடியது. அறையை மெருகேற்றுவது ஆர்மரரின் வேலை. பயிற்சித் தளத்தில் அதை முயலக் கூடாது. அடித்தட்டைத் தரையில் ஓங்கி மோதி இறுகிய கூட்டை வெளியேற்றும் முறை, உள்ளே இருப்பது சுட்ட கூடு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே பொருந்தும்.

பழுது துப்பாக்கியோடு தங்கிவிட்டால் தேட வேண்டிய இடங்கள் அதிகம் இல்லை. கூட்டை அறையிலிருந்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கிக்கு அடியில் அழுக்கு இருக்கிறதா, அதன் நுனி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரெமிங்டனில் மேகசினின் வாயில் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் இரண்டு தடுப்புத் தகடுகள் உடற்கூட்டின் (இயக்க பாகங்கள் அடங்கிய நடுப்பகுதி) உட்சுவரில் அடித்துப் பொருத்தப்பட்டவை. அந்தப் பொருத்து தளர்ந்தால் தோட்டா நேரம் தவறி வெளியேறி, போல்ட்டுக்கு அடியில் நழுவி, இயக்கத்தை முழுவதும் பூட்டிவிடும். மாஸ்பெர்க்கில் இதே வேலையைச் செய்யும் துண்டுகள் விசைத் தொகுதியைக் கழற்றியதும் கையோடு வந்துவிடும். சுத்தம் செய்தவர் அவற்றைத் தவறாக மாட்டியிருக்கிறாரா என்பதையே முதலில் சோதிக்க வேண்டும்.

பிறகு துணைப் பொருத்திகள். பக்கவாட்டில் தோட்டா தாங்கியைப் பொருத்தும் திருகுகளை மிகையாக முறுக்கினால் 870-இன் உடற்கூடு நெரிந்து போல்ட் தடைபடும். தாங்கியைக் கழற்றியதும் இயக்கம் இலகுவானால் காரணம் தெரிந்துவிட்டது. மேகசின் குழாயில் ஒரு சிறு நெளிவோ, நீட்டிப்புக் குழாய் சேரும் இடத்தில் ஒரு விளிம்போ இருந்தாலும் தோட்டா பின்னுக்கு வராது. மாதக்கணக்கில் வில்லின் அழுத்தத்திலேயே கிடக்கும் பணித் தோட்டாக்களின் பிளாஸ்டிக் உடல் நசுங்கிப் புடைக்கும். அவற்றைக் காலமுறைப்படி மாற்றி, பழையதைப் பயிற்சியில் சுட்டுத் தீர்ப்பது நல்லது.

ஒரே துறையில் இரண்டு வகைத் துப்பாக்கிகளும் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். இயக்கத்தை விடுவிக்கும் பொத்தான் ரெமிங்டனில் விசைக் காப்புக்கு முன்னும் மாஸ்பெர்க்கில் அதற்குப் பின்னும் இருக்கிறது. சேஃப்டி ரெமிங்டனில் விசைக்குப் பின்னால் குறுக்கே செல்லும் பொத்தான், மாஸ்பெர்க்கில் உடற்கூட்டின் மேல்புறத்தில் நகரும் கட்டை. தடுமாற்றம் பழுதைப் போலவே தோன்றும்.

குறி விலகுவதைப் பற்றிய புகார்களில் பெரும்பாலானவை குழலின் முனையில் ஒரே ஒரு குறிமணி மட்டும் உள்ள துப்பாக்கியில் ஸ்லக் என்னும் ஒற்றை ஈயக் கட்டியைச் சுடும்போது எழுகின்றன. அங்கே பின்குறியின் வேலையைச் சுடுபவரின் கண்ணே செய்கிறது. கன்னம் சற்று உயர்ந்து, உடற்கூட்டின் பின்விளிம்புக்கு மேலே குறிமணி 3 மி.மீ. எழும்பித் தெரிந்தால், இரண்டுக்கும் இடையே சுமார் 66 செ.மீ. இருக்கும் துப்பாக்கியில், 45 மீட்டர் தூரத்தில் ஸ்லக் ஏறத்தாழ 20 செ.மீ. மேலே விழும். பல பெரிய ரவைகள் கொண்ட பக்ஷாட்டின் பரவலில் இந்தப் பிழை ஓரளவு மறைந்துவிடும்; ஒற்றை ஈயக் கட்டி எதையும் மறைக்காது. எனவே ஸ்லக் சுட வேண்டிய துப்பாக்கிக்கு ரைஃபிள் குறியோ வளையப் பின்குறியோ தேவை என்றே நான் கருதுகிறேன்.

குறியைத் தொடும் முன் குழல் இறுக்கமாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வளையப் பின்குறி உடற்கூட்டிலும் முன்குறியான குறிமுள் குழலிலும் இருக்கும்போது, மேகசின் மூடி தளர்ந்தாலே குறி அலையும். குழலை மேகசின் நீட்டிப்போடு இணைக்கும் பிடிப்பானை இறுக்கும் அளவு மாறினாலும் அடி விழும் இடம் மாறும். பிறகு மணல் மூட்டையின் மேல் தாங்கி, பணியில் பயன்படும் அதே ஸ்லக்கால் மூன்று மூன்றாகச் சுட்டு, மூன்றின் நடுப்புள்ளியை அளந்துகொள்ளுங்கள். பின்குறியை அடி செல்ல வேண்டிய திசையிலும், குறிமுள்ளை அதற்கு எதிர்த் திசையிலும் நகர்த்த வேண்டும். நகர்த்தும் அளவு, பிழையைக் குறிகளுக்கிடையிலான தூரத்தால் பெருக்கி இலக்கின் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும். 50 மீட்டரில் 15 செ.மீ. தாழ்வாக விழுந்து, குறிகளுக்கிடையே 50 செ.மீ. இருந்தால், பின்குறியை 1.5 மி.மீ. உயர்த்த வேண்டும்.

பக்ஷாட்டுக்குத் தேவை காகிதச் சோதனை. சோக் (குழல் முனையின் குறுக்கம்) இல்லாத குழலில் ஒவ்வொரு கெஜத்திற்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் பரவும் என்பது பழைய கணக்கு. ஆனால் ரவைகளைச் சுமந்து செல்லும் கிண்ணத்தின் வடிவம் மாறினால் அந்தக் கணக்கும் மாறும். ஃபெடரலின் ஃப்ளைட் கன்ட்ரோல் தோட்டாவில் பரவல் மிகவும் சுருங்குகிறது. அப்போது குறிப் பிழையும் முழுதாகத் தெரியும். 5, 10, 15, 20, 25 கெஜங்களில் ஒவ்வொரு துப்பாக்கியையும் தனித்தனிக் காகிதத்தில் சுட்டு, இலக்கின் உருவத்துக்கு வெளியே முதல் ரவை விழும் தூரத்தைக் குறித்து வைக்க வேண்டும். வெளியே செல்லும் ஒவ்வொரு ரவையும் யாரோ ஒருவர் நிற்கக்கூடிய இடத்தை நோக்கிச் செல்வதால், அந்தத் தூரமே அந்தத் துப்பாக்கிக்கான பக்ஷாட் எல்லை. அதை ஒரு வில்லையில் எழுதித் தோள்கட்டையில் ஒட்டிவிடலாம்.

பழுது நீக்கப்பட்ட துப்பாக்கியை வண்டிக்குத் திருப்பி அனுப்பும் முன், மேகசினை முழுதாக நிரப்பி, பணித் தோட்டாவாலேயே இருமுறை இடைவிடாமல் சுட்டுப் பாருங்கள்; முதல் முறை ஆர்மரர் சுடட்டும், அடுத்த முறை அந்தப் பழுதை எதிர்கொண்ட காவலரே சுடட்டும்.