அறுபதைத் தாண்டிய விரல்களுக்கு வீணைப் பயிற்சி: தினமும் செய்ய வேண்டியவை

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மார்கழிக் காலையில் ஜண்டை வரிசை (ஸ்வரங்களை இரட்டித்து வாசிக்கும் பயிற்சி) வாசிக்க உட்கார்ந்தேன். இரண்டாம் காலத்துக்கு, அதாவது இரட்டை வேகத்துக்கு, போனதும் இடது நடுவிரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. வலது கையால் பிடித்து நிமிர்த்த, டக்கென்று ஒரு சத்தத்துடன் விடுபட்டது. மருத்துவர் பார்த்துவிட்டு 'ட்ரிகர் ஃபிங்கர்' என்றார். விரலை மடக்கும் தசைநாண் தன் உறைக்குள் வழுக்கிப் போகாமல் சிக்கிக்கொள்வதாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருமாம். எனக்குச் சர்க்கரையும் இருக்கிறது.

அதற்கு முன்பே விரல் ஓட்டம் குறைந்துகொண்டுதான் வந்தது. நான் செய்த தப்பு, குறையக் குறைய இன்னும் அழுத்தி, இன்னும் அதிக நேரம் சாதகம் செய்தது. இப்போது 64 வயதில், அழுத்தத்தைக் குறைத்தால் ஓட்டம் தானாக வருகிறது என்று தெரிந்துகொண்டிருக்கிறேன். வாசித்துப் பழகி விரல் மந்தப்பட்டவர்களுக்கும், ஓய்வு பெற்றபின் புதிதாக வீணை எடுத்தவர்களுக்கும் என் தினசரி முறையைச் சொல்கிறேன். ஒரு பாத்திரம் வெதுவெதுப்பான தண்ணீர், தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சு, செல்போனில் ஒரு மெட்ரோனோம் (சீரான அடி தட்டும் செயலி). இவை போதும்.

1. வீணையைத் தொடுவதற்கு முன்

காலையில் விரல் விறைப்பாக இருப்பது இந்த வயதில் சகஜம். இரண்டு கையையும் ஐந்து நிமிடம் வெந்நீரில் வைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். பிறகு இந்த வரிசை: விரல்களை நேராக நீட்டுங்கள். அடிக்கணு நேராக இருக்க, மேலிரண்டு கணுக்களை மட்டும் மடக்கிக் கொக்கி போல் வையுங்கள். மறுபடி நீட்டி, முழுதாக முட்டி பிடியுங்கள். மறுபடி நீட்டி, அடிக்கணுவை மட்டும் மடக்கி, விரல்கள் மேஜைப் பலகை போல் நேராக நிற்கச் செய்யுங்கள். இப்படி ஐந்து சுற்று, மெதுவாக. வலித்தால் அந்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள், இறுக்கிப் பிடிக்கவே வேண்டாம்.

2. உட்காரும் விதம்

வீணைத் தண்டைச் சுற்றி இடது கை வரும்போது மணிக்கட்டு உள்பக்கம் மடங்கும். மடக்கியே வைத்திருந்தால் மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்பு நெருக்கப்பட்டு, கட்டை விரலிலிருந்து மோதிர விரல் பாதி வரை மரத்துப்போகும். தண்டின் அடியிலுள்ள சுரைக்காய்க்கும் தொடைக்கும் நடுவில் மடித்த துண்டு ஒன்றை வைத்து உயரத்தைச் சரிசெய்யுங்கள், மணிக்கட்டு நேராகும். இடது கட்டை விரல் தண்டைக் கவ்வ வேண்டாம், சும்மா ஒட்டியிருந்தால் போதும். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, வீணையை ஸ்டாண்டில் வைத்து வாசிக்கலாம். தரையில் உட்காராவிட்டால் வீணைக்கு மரியாதை இல்லை என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

3. எவ்வளவு அழுத்தினால் போதும்?

இந்த ஒரு பயிற்சியை மட்டும் செய்தால்கூடப் போதும் என்பேன்.

சாரணி என்ற முதல் தந்தியில், ஏழாவது மெட்டின் (தந்தியை அழுத்தும் உலோகக் கட்டை) மேல், அதாவது பஞ்சமத்தில், நடுவிரலை வையுங்கள். அழுத்தாமல் சும்மா தொட்டபடி மீட்டுங்கள். டப்பென்று செத்த சத்தம் வரும். சொட்டு அழுத்தத்தைக் கூட்டி மறுபடி மீட்டுங்கள், கரகரக்கும். இன்னும் கொஞ்சம். ஒரு கட்டத்தில் நாதம் சட்டென்று தெளியும். அங்கேயே நிறுத்துங்கள். அந்த அழுத்தம்தான் உங்களுக்கு வேண்டியது. அதற்கு மேல் அழுத்துவது நாதத்துக்கு ஒன்றும் சேர்க்காது, கணுவுக்குத்தான் வலியைச் சேர்க்கும். முதல் நாள் நான் இதைச் செய்து பார்த்தபோது, நாற்பது வருடமாகத் தேவையைப் போல இரண்டு மடங்கு அழுத்தி வந்திருக்கிறேனோ என்று தோன்றியது.

ஆள்காட்டி விரலுக்கும் இதையே செய்யுங்கள். விரல் நுனியில் கம்பி பதியும் பள்ளத்தை அவ்வப்போது எண்ணெய்ப் பஞ்சில் ஒற்றிக்கொள்ளுங்கள். வயதானால் தோல் வறண்டுவிடும், வறண்ட விரல் தந்தியில் வழுக்காமல் பிடித்து இழுக்கும்.

4. நான்கு ஜோடிகள்

ஆரம்பப் பாடங்களின் ராகமான மாயாமாளவகௌளையில் ஒரு வசதி இருக்கிறது. ச-ரி, க-ம, ப-த, நி-ச என்று நான்கு ஜோடிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்வரங்களுக்கும் நடுவே ஒரே ஒரு மெட்டு தூரம். ச-ரியில் கீழ் ஸட்ஜம் விரல் வைக்காமல் மீட்டும் திறந்த தந்தி, அதைத் தள்ளிவிடுங்கள். மீதி மூன்றுதான் நம் பயிற்சி.

வீணையில் குடத்தை நோக்கிப் போகப் போக மெட்டுகள் நெருங்கும். அதனால் மேலிருந்து தொடங்குங்கள். முதலில் நி-ச: ஆள்காட்டி 11-ஆம் மெட்டில், நடுவிரல் 12-இல். இரண்டு விரலையும் சேர்த்து நகர்த்தாமல், ஆள்காட்டியை அங்கேயே வைத்துக்கொண்டு நடுவிரலை மட்டும் வைத்து எடுங்கள். மெட்ரோனோம் 50-இல் (நிமிடத்துக்கு 50 அடி), அடிக்கு ஒரு ஸ்வரம். நடுவிரலை எடுக்கும்போது உயரத் தூக்காதீர்கள், ஒரு காகிதம் நுழையும் இடைவெளி போதும். விரல் ஓட்டத்தின் ரகசியம் பாதி இந்த எடுப்பில்தான் இருக்கிறது.

அது சரளமானதும் ப-த (7, 8), அப்புறம் க-ம (4, 5). ஒவ்வொன்றிலும் விரல்கள் இன்னும் கொஞ்சம் அகல விரிய வேண்டியிருக்கும். க-ம விரியவில்லையென்றால் விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து வாருங்கள்.

பிறகு சரளி வரிசை (முதல் ஸ்வரப் பாடம்), மூன்று காலம். மூன்றாம் காலத்தில் எந்த வேகத்தில் ஒரு ஸ்வரம்கூட மங்காமல் வருகிறதோ, அதுதான் இன்றைய வேகம். நேற்றையதைவிடக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. வலது கையில் ஆள்காட்டி, நடுவிரல் இரண்டையும் மாற்றி மாற்றி மீட்டுகிறீர்களா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

5. சுருதியை இறக்குங்கள்

இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். சொல்லியே தீர வேண்டும். சுருதியை 3 கட்டையிலிருந்து 2½ கட்டைக்கு, அதாவது ஒரு மெட்டு அளவு கீழே, இறக்கினால், அதே கம்பியில் இழுவிசை ஏறக்குறைய 11 சதவீதம் குறைகிறது. கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைப்பதற்கு, தந்தியை இழுக்கும் விரல் அதை உடனே உணரும். முதல் சில நாள் ஸ்வரம் தாண்டிப் போகும், ஏனென்றால் தளர்ந்த தந்தியில் அதே ஸ்வரத்துக்குக் குறைவாக இழுத்தால் போதும். காது பழகியதும் கை பழகிவிடும். கமகம் பிடிக்கும்போது இரண்டு விரலையும் ஒட்டி வைத்து, விரல் நுனியால் இழுக்காமல் முழங்கையிலிருந்து இழுங்கள்.

6. நேரம்

ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் வேண்டாம். பதினைந்து நிமிடமாக நான்கு முறை உட்காருங்கள். அன்றைக்குத் தேங்காய் துருவினீர்களா, போர்வை பிழிந்தீர்களா என்பதையும் கணக்கில் சேருங்கள். விரல்களுக்கு அதுவும் சாதகம்தான்!

எப்போது மருத்துவரைப் பார்ப்பது? காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், கணுக்கள் வீங்கிச் சூடாக இருந்தால், இரவில் விரல் மரத்து எழுப்பினால், விரல் சிக்கிக்கொண்டால், தள்ளிப்போடாதீர்கள். நான் மூன்று மாதம் தைலம் தடவிக் கடத்தினேன்.

7. எதை வாசிப்பது

பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன் 1976-இல், 89 வயதில்தான் மேடையிலிருந்து ஓய்வு பெற்றார். முதுமையை ஆராய்ந்த உளவியலாளர் பால் பால்டெஸ் அவரை உதாரணமாகக் காட்டுவது வழக்கம்: குறைவான உருப்படிகள், அவற்றுக்கு அதிகச் சாதகம், வேகமான பகுதிக்கு முன் சற்று மெதுவாக வாசித்து அடுத்து வருவதை வேகமாகத் தோன்றச் செய்வது. முதல் இரண்டும் நமக்கு அப்படியே பொருந்தும். மூன்றாவது பொருந்தாது, நமக்குக் காலப்பிரமாணம், அதாவது முழுக்க மாறாத ஒரே வேகம், இருக்கிறது. ஆனால் தாளம் இல்லாத ராக விரிவான ஆலாபனையிலும் தானத்திலும் தாராளமாகச் செய்யலாம்.

தாளத்தோடு வாசிப்பவற்றில் மொத்தக் காலப்பிரமாணத்தையே இறக்கிவிடுவேன். நான் வழக்கமாக 72-இல் வாசித்துவந்த அட தாள வர்ணம் இப்போது 62-இல் போகிறது. போன வாரம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்ட என் மாணவி, "மாமி, இது புதுசா பாடம் பண்ணதா?" என்றாள். அவளுக்கே நான் இரண்டு வருடம் முன் சொல்லிக்கொடுத்த வர்ணம் அது.